நிலவறை நாட்காட்டி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நிலவறையில் உட்கார்ந்து, வலது கையை உருளைக்கிழங்குச் சாக்கின்மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன். பைபிள் மாடியில் இருக்கிறது, அங்கே ஏற என் முழங்கால் மறுக்கிறது. இரண்டையும் தந்தவர் ஒருவரே என்பதால் கடவுள் வித்தியாசம் பார்க்கமாட்டார்.

முதலில் படிக்கட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான படிக்கட்டு எனக்குப் பிடிக்கும். தெற்கு ஜெர்மனியின் ராய்ட்லிங்கன் ஊரில், சரிவான தெருவில் நிற்கிறது எங்கள் கட்டடம். உள்ளே ஆறு குடித்தனங்கள். வாரத்துக்கு ஒரு குடித்தனம் படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். இதற்குப் பெருக்கு வாரம் என்று பெயர். யாருடைய முறையோ அவர் கதவுக் கைப்பிடியில் ஒரு மரப்பலகை தொங்கும். எங்கள் பக்கத்தில் ஒருவன் தேவாலயம் போகாமல் இருக்கலாம், பெண்டாட்டியை விட்டு ஓடலாம், ஓடிய இடத்திலிருந்து மறுபடியும் ஓடித் திரும்பி வரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெருக்கு வாரத்தில் தவறியவனை மட்டும் அவன் செத்த பிறகும் மன்னிப்பதில்லை. மூன்றாவது மாடியில் இருந்த ஒருவரின் சவ ஊர்வலத்தில், "போனவாரம் அவரு முறை, துடைக்காமலே போயிட்டாரு" என்று பேசிக்கொண்டதை நானே கேட்டேன்.

நீதிமன்ற அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசிய நீங்கள், "என்ன குற்றம்னு ஒரு வரியில சொல்லுங்க, ஹெர் ராப்" என்றீர்கள். அம்மணி, ஒரு வரியில் அடங்கும் குற்றங்களைச் செய்யும் வயதை நான் கடந்துவிட்டேன். என் நோக்கத்தை வேண்டுமானால் ஒரு வரியில் சொல்கிறேன். என் மாடியிலேயே எதிர்வீட்டில் இருந்த ஃப்ராவ் ஸைலர் என்ற மூதாட்டி இப்போது மேட்டுத்தெரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவர் புத்தி தெளிவாக இருக்கிறதா, அல்லது ஒரு காப்பாளரை வைத்து அங்கேயே விட்டுவிடலாமா என்று நீதிமன்றம் விரைவில் முடிவு செய்யப்போகிறது. அவர் வீட்டுக்குத் திரும்பிவர வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பணியில் இருந்த காலமெல்லாம் பின்னல் இயந்திரத்து ஊசிகளைப் பரிசோதித்தவன் நான். வளைந்த ஊசியைக் கண்டால் எனக்குக் குமட்டும். மற்றவர்களுக்கு அழுகிய மீனைக் கண்டால் வருமே, அதே குமட்டல். ஓய்வு பெற்றபின் பரிசோதிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. ரொட்டி டப்பா அளவில் ஒரு பழைய கணினியை வாங்கி, நிலவறையில் என் பங்குக்கு உள்ள கம்பித் தடுப்புக்குள், ஊறுகாய் அலமாரிக்குக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் ஆண்கள் மனைவியைப் புதைத்தபின் ரயில் பொம்மை வாங்குவார்கள், அல்லது தேனீ வளர்ப்பார்கள். நான் சர்வர் வளர்த்தேன்.

அதன் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு சேவையும் தனித்தனி கன்டெய்னருக்குள் அடைபட்டிருக்கும். மேலே அலமாரியில் பிளம்ஸ் ஒரு ஜாடி, வெள்ளரி ஒரு ஜாடி என்று இருப்பதைப்போல, படங்களுக்கு ஒன்று, நாட்காட்டிக்கு ஒன்று, பாஸ்வேர்டுகளுக்கு ஒன்று. ஒன்று புளித்துப்போனால் அடுத்ததற்கு ஒட்டாது. பழைய கன்டெய்னரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்து வைக்கலாம், பண்டம் கெடாது. பண்டம் வெளியே ஹார்ட் டிஸ்க்கில் தனியாக இருக்கும். ஜாடி உடைந்தும் ஊறுகாய் சிந்தாத ஏற்பாடு இது ஒன்றுதான்.

மற்றக் குடித்தனக்காரர்கள் தாமாகவே வந்தார்கள். எங்கள் ஆட்களின் சுபாவம் உங்களுக்குத் தெரியும். தெருவைப் படம் பிடிக்க வண்டி வந்தபோது கையெழுத்துப் போட்டுத் தடுத்தோம், இன்றைக்கும் இணைய வரைபடத்தில் எங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு மூடுபனிதான் நிற்கிறது. முதல் மாடி ஹெர் மோர்லொக், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். மைக்ரோவேவ் அடுப்புக்கு மணி தெரிகிறது என்பதால் அதை நம்பாதவர். குடியிருப்போர் கூட்டத்தில் அவர்தான் ஆரம்பித்தார்.

"நம்ம போட்டோ, நம்ம பாஸ்வேர்டு எல்லாம் கடல் தாண்டி எவன் கையிலயோ கெடக்கு. அவன் உக்காந்து பாத்துட்டிருந்தா?"

"உங்களப் பாத்து அவன் என்ன பண்ணப்போறான், மோர்லொக்? பயந்துதான் போவான்" என்றார் ஃப்ராவ் ஸைலர்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. நம்ம ராப் கீழ ஒரு பொட்டி வெச்சிருக்காரே, அதுல போட்டா என்ன? நம்ம வீடு, நம்ம நிலவறை, நம்ம பூட்டு."

"ராப் பாத்துட்டா?"

"ராப்பா? அவரு கண்ணாடியில தன் மூஞ்சியவே பாக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பார்க்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவன் பார்ப்பான் என்று அஞ்சியவர்கள், தினமும் படியில் எதிர்ப்படுகிறவனிடம் மொத்தத்தையும் கொட்டினார்கள். முதல் வேலையாக மரப்பலகையை ஒழித்து, பெருக்கு வாரத்தை நாட்காட்டியில் ஏற்றினேன். சனிக்கிழமை காலையில் முறைக்காரரின் கைபேசி மணி அடிக்கும். புரட்சி என்றார் மோர்லொக்.

நான் பார்க்கவில்லை, பராமரித்தேன். இதில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், அம்மணி. காப்புப் பிரதி என்று ஒன்றை எடுத்து வைத்தால் போதாது, அது கெடாமல் இருக்கிறதா என்று அறிய ஒரு படத்தையாவது திறந்து சோதிக்க வேண்டும். நான் கடமை தவறாதவன். எல்லாவற்றையும் திறந்தேன்.

குளியலறை வடிகாலில் பிறர் தலைமயிரை விரலால் சுருட்டி எடுத்திருக்கிறீர்களா? அப்படித்தான் இருந்தது. ஹெர் மோர்லொக் தன் கால் நகங்களை மாதாமாதம் படம் எடுத்து ஒப்பிட்டு வந்தார். பல் மருத்துவர் பற்களோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் மாடி ஹ்யூட்னர் தம்பதி சாப்பிடுவதற்கு முன் தட்டை ஒருமுறையும் சாப்பிட்ட பின் ஒருமுறையும் எடுத்தார்கள். பின்னதில் பல்லால் கடித்துத் துப்பிய கொழுப்பு, கசங்கிய காகிதம், சாஸில் விரல் தடம். நல்ல மனிதர்கள்தான். நல்ல மனிதர்களின் உட்புறம் இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு படியில் யாராவது கை நீட்டினால், என் கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஃப்ராவ் ஸைலரைத்தான் முடியவில்லை.

மகள் கார்மென் ஹானோவரிலிருந்து வாங்கி அனுப்பிய டேப்லெட்டில் அவர் அடுப்பின் திருகுகளைப் படம் எடுத்தார். தினமும், ஒரு நாளில் பலமுறை. பிசுக்குப் படிந்த அதே திருகுகள், இடுக்கில் கருகிப்போன பால். பிறகு பூட்டிய கதவின் தாழ்ப்பாள். பிறகு குளிர்பெட்டியின் உட்புறம், திறந்த மாத்திரை அட்டை, அட்டையில் காலியான குழிகள். பிறகு அவர் கால். கணுக்காலுக்கு மேல் ஆறாத புண் ஒன்று இருந்தது, மருந்து கட்ட வரும் செவிலிக்குக் காட்டுவதற்காக எடுத்தாராம். ஊதா நிறம் மஞ்சளாவதை, மஞ்சளின் ஓரம் ஈரமாவதை, அவருடைய அடுப்புக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே நான் ஒவ்வொரு நாளும் பரிசோதித்தேன். காலைச் சாப்பாட்டைக் கைவிட்டேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பிக்கொண்டே வந்தது. கட்டடத்தில் மற்ற எல்லாருடைய வாழ்க்கையும் ஒரு மூலையில் அடங்க, மிச்சத்தை ஒரு கிழவியின் அடுப்பு அடைத்துக்கொண்டது.

இனி எடுக்காதீர்கள் என்று சொல்ல வழியில்லை. சொன்னால், பார்த்தேன் என்றாகிவிடும். வாக்கு வாக்குதான்.

ஒருநாள் படியில் அவரே பிடித்துக்கொண்டார். கையில் காய்கறிப் பை.

"ஹெர் ராப், உங்க பொட்டி சௌக்கியமா?" ஆட்டுக்குட்டியை விசாரிப்பதைப்போலத்தான் எப்போதும் கேட்பார்.

"சௌக்கியம்."

"என் படமெல்லாம் பத்திரமா இருக்கா?"

"நான் பாக்கறதே இல்ல, ஃப்ராவ் ஸைலர்."

"பாத்தாத்தான் என்ன? ஒளிக்க என்கிட்ட என்ன இருக்கு, அடுப்பும் காலும்தான். யாராவது ஒருத்தர் பாத்தா நல்லதுன்னுகூட நெனைப்பேன்."

என்னை ஒப்புக்கொள்ள வைக்கும் தந்திரம் என்று உடனே விளங்கிவிட்டது. "பெருக்கு வாரத்த மறக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தியபின் கையைக் கழுவினேன்.

பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வடிகால் அடைத்தால் யாரும் பெரிய குழாய் வாங்குவதில்லை. அடைப்பதை எடுப்பார்கள். சாரல் ஓய்ந்து செர்ரி பழுத்த ஜூன் மாதத்தில், நிலவறையில் உட்கார்ந்து, ஃப்ராவ் ஸைலரின் நாட்காட்டியைத் திறந்து, கண் மருத்துவரை வியாழனிலிருந்து புதனுக்கு நகர்த்தினேன். வேறொன்றும் இல்லை. பூந்தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைப்பதைப்போல.

அவர் வெள்ளிக்கிழமை போனார். குழப்பத்துக்கும் தனக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது என்று வியந்தேன்.

பிறகு குப்பைத் தொட்டி வெளியே வைக்கும் நாள், மாத்திரை வாங்கும் நாள், செவிலி வரும் நேரம் என்று ஒவ்வொன்றாக. தினமும் செய்யவில்லை. நல்ல மருந்தை இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். சில சமயம் நான் ஒன்றும் மாற்றாத நாளில்கூட அவர் தவறினார். காகிதக் குப்பை எடுக்கும் நாளில் உணவுக் கழிவை வைத்தார், வெயிலில் புழு நெளிந்தது. விதைத்தது தானே முளைக்க ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகப் பெருக்கு வாரத்தில் கைவைத்தேன். அவருடைய முறையை ஒரு வாரம் முன்னால் தள்ளினேன். மிஞ்சிப்போனால் தன் முறை இல்லாத சனிக்கிழமை பெருக்குவார், ஹ்யூட்னர் தம்பதி முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான் என்று கணக்கிட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை பெருக்கினார். எங்கள் ஊரில் துடைப்பத்தைத் தொடவே கூடாத ஞாயிறு காலை, தேவாலய மணி அடிக்கும்போது, வாளியும் துடைப்பமுமாக. ஞாயிற்றுக்கிழமையை நான் குறிக்கவே இல்லை, அது அவருடைய சொந்தச் சேர்க்கை.

கதவுகள் திறந்தன. ஹெர் மோர்லொக் இரவு அங்கியோடு நின்றார்.

"என்ன இது, ஃப்ராவ் ஸைலர்? இன்னிக்கு ஞாயிறு."

"அதனால என்ன? ஞாயித்துக்கிழம படி அழுக்காகாதா?"

"இது உங்க முறையே இல்ல. ஹ்யூட்னர் முறை."

"என் பேருதான் இருக்கு. நான் பாத்தேனே."

"போன ஞாயிறும் நீங்கதான் பெருக்கினீங்க" என்றார் ஃப்ராவ் ஹ்யூட்னர் மெதுவாக. "நாங்க சொல்லல, அவ்வளவுதான்."

"இந்தப் படியில இனிமே வழுக்கி விழுந்தாலும் சுத்தமா விழலாம்" என்றார் மோர்லொக். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ஃப்ராவ் ஸைலர் துடைப்பத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அப்ப என் வாரம் எங்க போச்சு, ஹெர் ராப்?"

அவர் கால் கட்டு அவிழ்ந்து வாளித் தண்ணீரில் நனைந்திருந்தது. நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

கார்மெனுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். கண் மருத்துவர், குப்பை, ஞாயிற்றுக்கிழமை என்று நடந்ததை நடந்தபடி. கூட்டிச் சொல்லவில்லை, அது என் பழக்கம் இல்லை.

"அம்மாவ நான் இங்கருந்து என்னன்னு பாக்கறது, ஹெர் ராப்? நீங்க பக்கத்துல இருக்கறதாலதான் எனக்குத் தூக்கமே வருது."

"அண்டை வீட்டான் வேற எதுக்கு?" என்றேன்.

ஞாபகத்தைச் சோதிக்க மருத்துவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னாராம். ஃப்ராவ் ஸைலர் வட்டத்தை அழகாகப் போட்டுவிட்டு, முட்கள் எங்கே போகும் என்று திருப்பிக் கேட்டாராம். இலையுதிர் காலத்தில் கார்மென் அவரை மேட்டுத்தெரு இல்லத்தில் சேர்த்தாள். நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை வீட்டைத் தற்காலிகமாக ஒருவருக்கு விட்டாள். அன்று மாலையே நிலவறைக்கு இறங்கி, ஃப்ராவ் ஸைலரின் படங்கள் முழுவதையும் அழித்தேன், காப்புப் பிரதியையும் சேர்த்து. அடியில் பழைய படங்கள் சில இருந்தன. படகில் ஒரு ஆள், மடியில் குழந்தை, கணவராக இருக்கலாம். படகு வேறு அடுப்பு வேறு என்று பொறுக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மேசையை ஈரத்துணியால் துடைத்தெடுத்ததைப்போல இருந்தது. அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒருமுறை போய்ப் பார்த்தேன், போகாவிட்டால் கட்டடத்தில் பேசுவார்கள். அந்த இல்லத்தில் வேகவைத்த முட்டைக்கோஸும் கிருமிநாசினியும் சேர்ந்து ஒரே வாசனையாகிவிட்டிருந்தன. ஃப்ராவ் ஸைலர் ஜன்னலோரம் இருந்தார். காகிதக் கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த கேக் துண்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார், அதில் அவர் விரல் பதிந்திருந்தது.

"சாப்பிடுங்க, ஹெர் ராப். உங்களுக்காக எடுத்து வெச்சேன்."

"இப்பதான் சாப்பிட்டேன்."

"என் அடுப்ப அணைச்சிருக்கேனான்னு கொஞ்சம் பாத்தீங்களா?"

"அணைஞ்சுதான் இருக்கு."

"நீங்க பாத்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா? இங்க எல்லாரும் சும்மா சொல்றாங்க." என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் முறையா பெருக்கறேன். இனிமே தப்பு வராது."

சட்டையை வீட்டில் தனியாக ஊறப்போட்டேன்.

இத்தனைக்கும் பிறகு ஏன் வாய் திறக்கிறேன் என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள், நான் இதில் ஒரு சொல்லும் பொய் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். காரணம், ஃப்ராவ் ஸைலர் வீட்டில் தற்காலிகமாக வந்து இறங்கிய டிமோ வால்ஸ்.

முப்பது வயது இருக்கும், வெறுங்காலோடு படியில் நடப்பவர். நிலவறையில் ஃப்ராவ் ஸைலரின் தடுப்புக்குள் அவரும் ஒரு சர்வர் வைத்தார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே விசிறிகள் ஊதாவும் பச்சையுமாக மினுக்கும், சந்தைத் திடலின் ராட்டினத்தைப்போல. என் வெள்ளரி ஜாடிகள் மேல் அந்த வெளிச்சம் மாறிமாறி விழுந்தது. வெள்ளரி ஊதா நிறத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"ஹெர் ராப் இவ்வளவு நாள் சிரமப்பட்டிருக்காரு, கை தட்டுங்க. இனிமே ஓய்வெடுங்க, ஹெர் ராப். என்னோடதுல எல்லாமே பூட்டுப் போட்டுதான் உள்ள போகும். அப்டேட், காப்புப் பிரதி எல்லாம் தானா நடக்கும். நானே நெனச்சாலும் தொறந்து பாக்க முடியாது. யாரும் எதையும் பாக்கவே வேண்டாம்."

"பாருங்க, இதுதான் நாகரிகம்" என்றார் ஹெர் மோர்லொக். கால் நகங்களோடு முதலில் மாறியவர் அவர். ஒரே வாரத்தில் எல்லோரும் போனார்கள். என் கன்டெய்னர்கள் இன்னும் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் கழுவிக் கவிழ்த்த ஜாடி. காலையில் இறங்கிப் போகிறேன், பரிசோதிக்கிறேன், ஒன்றுமில்லை. ஒரு தட்டு இல்லை, ஒரு புண் இல்லை. அந்த ராட்டினத்துக்குள் ஒரு வீடே தன் அழுக்கைப் பூட்டிவைத்துக் கொண்டிருக்கிறது, அதைப் பார்க்க ஒரு மனிதன் இல்லை. அது எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

ஃப்ராவ் ஸைலர் தெளிவானவர் என்று நீதிமன்றம் சொன்னால் அவர் திரும்பி வருவார், வால்ஸ் காலி செய்வார். அவர் தெளிவானவர்தான். எழுதிக்கொள்ளுங்கள்: எல்ஃப்ரீடே ஸைலரின் மறதி நான் செய்தது. ஜூன் மாதம் தொடங்கி அவர் நாட்காட்டியில் தேதிகளை நகர்த்தி, ஒரு புத்தியுள்ள பெண்மணியை அவர் வீட்டிலிருந்தும் அவர் வாரத்திலிருந்தும் வெளியேற்றியவன் கோட்ஹில்ஃப் ராப் ஆகிய நான். தனியாகத்தான் செய்தேன், நன்றாகத்தான் செய்தேன். டேப்லெட்டோடு அவரை அனுப்பிவையுங்கள், அடுப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கட்டும், டிஸ்க்கில் இப்போது இடம் இருக்கிறது.

ஒழுங்குக்காக, நேற்று நீங்கள் சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன். அந்த ஜூனுக்கு முன்பே, ஈஸ்டருக்கு வந்திருந்தபோதே கார்மென் தன் அம்மாவின் நாட்காட்டியை என் சர்வரிலிருந்து கழற்றித் தன் கணக்கோடு இணைத்துவிட்டாள், அதன்பிறகு நான் நகர்த்திய ஒரு தேதிகூட அந்த டேப்லெட்டுக்குப் போய்ச் சேரவில்லை.